கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் முரே ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 – ஜனவரி 1, 1992) அமெரிக்கக் கணினி அறிவியலாளரும் கடற்படை அதிகாரியும் ஆவார். நிரல் எழுதும் வேலையின் ஒரு பகுதியைக் கணினியிடமே ஒப்படைக்கலாம் எனச் செய்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கை

நியூயார்க் நகரில் பிறந்த இவர், வாசர் கல்லூரியில் 1928-இல் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இல் கணிதத்தில் முனைவரானார். வாசரில் கணிதம் கற்பித்துவந்தார். இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையில் சேர விரும்பினார். உடல் எடை போதாமையால், சிறப்பு விலக்குப் பெற்றே 1943-இல் சேர முடிந்தது. அடுத்த ஆண்டு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் எய்க்கன் உருவாக்கிய மார்க் 1 கணினியில் பணியமர்த்தப்பட்டார். ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுடைய இக்கணினிக்கு ஆணைகள் துளையிட்ட காகித நாடா வழியே தரப்பட்டன.

தொகுப்பி

சரியாக இயங்கிய ஆணைத் தொடர்களை மார்க் 1 நிரலாளர்கள் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, தேவைப்படும்போது பார்த்துப் படியெடுத்தனர். படியெடுக்கையில் பிழைகள் நுழைந்தன. படியெடுப்பது இயந்திரம் நன்றாகச் செய்யக்கூடிய வேலை என்பதை ஹாப்பர் கண்டுகொண்டார்.

1949-இல் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்து யுனிவாக் 1 கணினிக்காகப் பணியாற்றினார். அங்கு 1952-இல் ஏ-0 என்னும் தொகுப்பியை உருவாக்கினார். ஆணைத் தொடர்கள் எண்ணிடப்பட்டு நாடாவில் இருக்கும். நிரலாளர் எண்களைக் குறிப்பிட்டால் போதும், ஏ-0 அவற்றைத் தேடியெடுத்து ஒரே நிரலாகக் கோக்கும். இன்றைய வழக்கில் இதனை இணைப்பி என்பதே பொருத்தம். ஆயினும் கணினி கணக்கு மட்டுமே போடும், நிரல் எழுதாது என்று பலர் கருதிய காலம் அது.

அடுத்து இவர் வலியுறுத்தியது நிரலின் மொழி பற்றியது. வணிகத் தரவுகளைக் கையாள்வோருக்குக் குறியீடுகளைவிடச் சொற்களே எளியவை என்று கருதி, ஆங்கிலச் சொற்களாலான ஃபுளோ-மாட்டிக் மொழியைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். 1959-இல் தொடங்கிய கோபோல் மொழி வடிவமைப்புக்கு இதுவே முதன்மை அடிப்படையாயிற்று. கோபோலின் தாய் என இவரை அழைப்பது சற்று மிகை. மொழியை வடிவமைத்தது ஒரு குழு, இவர் அதன் ஆலோசகர். பல வங்கிகளில் கோபோல் நிரல்கள் இன்றும் இயங்குகின்றன.

அந்துப்பூச்சி

கணினி வழுவுக்கு ஆங்கிலத்தில் பூச்சி என்னும் பெயரை இட்டவர் ஹாப்பர் என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. செப்டம்பர் 9, 1947 அன்று மார்க் 2 கணினியின் 70-ஆம் ரிலேயில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அதைக் கண்டெடுத்த இயக்குநர்கள் பதிவேட்டில் ஒட்டிவைத்தனர். ஹாப்பர் அக்கதையைப் பலரிடம் கூறிப் பரப்பினார். எடிசன் காலத்திலேயே பொறியாளர்கள் அச்சொல்லை இப்பொருளில் வழங்கினர். பூச்சி ஒட்டப்பட்ட ஏடு ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் உள்ளது. தமிழில் வழங்கும் வழு என்னும் சொல் இலக்கண நூல்களிலிருந்து வந்தது. அதில் பூச்சிக்கு இடமில்லை.

பிற்காலம்

1966-இல் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றவரை, நிரல்மொழிகளைச் சீர்தரப்படுத்துவதற்காக 1967-இல் மீண்டும் அழைத்தனர். 1986-இல் தம் 79-ஆம் வயதிலேயே இறுதியாக ஓய்வுபெற்றார்.

சொற்பொழிவுகளில் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளை வழங்குவது இவர் வழக்கம். ஒரு நானோநொடியில் ஒளி வெற்றிடத்தில் செல்லும் தொலைவு அது. மைக்ரோநொடியைக் காட்ட ஏறத்தாழ 300 மீட்டர் கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். கணினிகள் விரைவாக இயங்க ஏன் சிறியவையாக இருக்கவேண்டும் என்பது இதனால் எளிதில் விளங்கும்.

அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2016-இல் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் இவருக்கு மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.