கத்தி எடுக்காத டாக்டர் டாட்டர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நமது சங்கச் செயலாளர் மூன்று முறை போன் பண்ணிவிட்டார். ஹாஸ்டல் மெஸ் சாம்பார், வார்டன் கதைகளை எல்லாம் என்னைவிட நன்றாக எழுத எங்கள் பேட்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் என் துறையின் மூதாதை ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். ரேடியாலஜிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர், சார்லஸ் டாட்டர். மற்றவர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும், உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைத்திருந்தால் நீங்களும் அவருக்குக் கடன்பட்டவர்தான்.

டாட்டர் 1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1952-ல், 32-வது வயதில், போர்ட்லண்டில் உள்ள ஒரிகன் மருத்துவக் கல்லூரியின் ரேடியாலஜி துறைத் தலைவரானார். நம்மில் பலர் அந்த வயதில் பி.ஜி. சீட்டுக்கு அலைந்துகொண்டிருந்தோம்! அதன்பின் சாகும்வரை 33 வருஷம் அதே நாற்காலிதான்.

அந்தக் காலத்து ரேடியாலஜிஸ்ட் என்றால் படம் எடுப்பவர், அவ்வளவுதான். சர்ஜன் சீட்டு எழுதி அனுப்புவார், இவர் படம் எடுத்து ரிப்போர்ட் கொடுப்பார், வைத்தியம் வேறு யாரோ பார்ப்பார்கள். நான் பி.ஜி. படித்தபோதும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

1963-ல் டாட்டர் ஒரு நோயாளிக்கு வயிற்று ரத்தக்குழாய்களைப் படம் எடுக்க மெல்லிய குழாயை உள்ளே செலுத்தினார். இடுப்புக்குப் போகும் தமனி அடைத்திருந்தது. குழாய் அந்த அடைப்பைத் தாண்டிப் போய்விட்டது, வழியும் திறந்துகொண்டது. வேறொருவராக இருந்தால் நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை என்று பெருமூச்சு விட்டிருப்பார். தற்செயலாகத் திறந்ததை வேண்டுமென்றே திறந்தால் என்ன என்று யோசித்தார் இவர். அதே ஆண்டு ஜூனில் செக்கோஸ்லோவாக்கியாவின் கார்லோவி வாரி நகரத்து மாநாட்டில், இந்தக் குழாய் ஒருநாள் கத்தியின் இடத்தைப் பிடிக்கும் என்று பேசினார்.

1964 ஜனவரி 16-ம் தேதி வாய்ப்பு வந்தது. 82 வயது மூதாட்டி. பாதம் அழுக ஆரம்பித்துவிட்டது. காலை எடுத்தே ஆகவேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள், முடியவே முடியாது என்கிறார் பாட்டி. டாட்டர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே தொடைத் தமனியின் அடைப்பு வழியாக ஒரு கம்பியை நுழைத்தார். அதன்மேல் ஒரு டெஃப்லான் குழாய், அதற்கும் மேல் அதைவிடப் பெரிய குழாய் என்று ஏற்றி வழியை அகலப்படுத்தினார். மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தவில்லை, காலைக் கிழிக்கவில்லை. ஜில்லிட்டுக் கிடந்த பாதம் சூடாயிற்று. சில ஆண்டுகள் கழித்து வேறு நோயால் இறக்கும்வரை அந்தப் பாட்டி தன் சொந்தக் காலிலேயே நடந்தார்.

சரி, இந்தக் கம்பிக்கும் குழாய்க்கும் யார் காசு கொடுத்தார்கள்? நான் எழுத வந்தது அதைத்தான்.

கிடாரின் தந்தி, காரின் ஸ்பீடாமீட்டர் கேபிள் என்று கைக்குக் கிடைத்ததை வைத்தெல்லாம் கைடு ஒயர் செய்து பார்த்தவர் டாட்டர். 1963-ல் சிகாகோவில் நடந்த ரேடியாலஜி மாநாட்டில் பில் குக் என்றொரு இளைஞர் கடை போட்டிருந்தார். தன் வீட்டின் ஒரு அறையில் கம்பி, குழாய் தயாரிக்கும் தொழிலை அந்த வருஷம்தான் துவங்கியிருந்தார். டாட்டர் அவரிடம் டெஃப்லான் குழாயும் தீ ஊதும் பர்னரும் இரவல் வாங்கி ஹோட்டல் அறைக்குக் கொண்டுபோனார். மறுநாள் பத்து கதீட்டர்களோடு வந்து நின்றார். குக் ஒவ்வொன்றையும் பத்து டாலருக்கு விற்றார். கேட்டால் சினிமாக் கதை மாதிரி இருக்கும், நடந்தது நிஜம்.

இந்தக் கதையை நானும் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆர்வம் இருந்தால் போதும், பணம் முக்கியமில்லை என்று முடிப்பேன், பையன்கள் கைதட்டுவார்கள். நான் சொன்னது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டாட்டர் தமனியைத் திறந்தது 1964-ல். அமெரிக்க சர்ஜன்கள் இவரைக் கிறுக்கு சார்லி என்றார்கள். படம் மட்டும் எடு, சரிசெய்யப் பார்க்காதே என்று சீட்டிலேயே எழுதி அனுப்பினார்கள்! ஐரோப்பாவில்தான் சிலர் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள். ஜெர்மனியில் சைட்லர் செய்தார். அவரிடம் கற்ற ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், ஜூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் மனைவி, உதவியாளர், உதவியாளரின் கணவர் என்று எல்லோரையும் உட்காரவைத்துப் பலூன் ஒட்டினார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் உப்பாத பலூன் வேண்டும். அதற்கு பி.வி.சி. பிளாஸ்டிக்கைச் சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு வேதியியல் பேராசிரியர். 1974-ல் கால் தமனி, 1977 செப்டம்பர் 16-ல் இதயத் தமனி. ஆக, காலிலிருந்து இதயத்துக்குப் போக 13 வருஷம். ஒரு நல்ல பட்டறையும் நாலு பேருக்குச் சம்பளமும் இருந்திருந்தால் அதில் எத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும்? எத்தனை கால்கள் தப்பியிருக்கும்?

ஸ்டென்ட் கதை இன்னும் மோசம். சுருள் கம்பியை நாய்களின் கால் தமனிக்குள் வைத்துப் பார்த்து 1969-லேயே கட்டுரை எழுதிவிட்டார் டாட்டர். மனிதனின் இதயத் தமனியில் ஸ்டென்ட் ஏறியது 1986-ல். முந்தின வருஷம் பிப்ரவரி 15-ம் தேதி அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே 1985 அக்டோபரில் விமான விபத்தில் குருன்ட்சிக்கும் போனார், வயது 46.

கண்டுபிடிப்பைச் சமையலறையில் செய்துவிடலாம். எத்தனை பேருக்குப் பலித்தது, எத்தனை பேருக்குக் கைவிட்டது என்ற கணக்கை அங்கே எடுக்க முடியாது. 1979-ல் அமெரிக்க அரசின் தேசிய இதய நிறுவனம் ஒரு பதிவேடு துவங்கியது. பலூன் போட்ட நோயாளிகளின் விவரங்கள் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து அதில் சேர்ந்தன. பொதுப் பணத்தில் நடந்த வேலை. கைடு ஒயர் அளவுக்கு இந்தப் பதிவேட்டையும் நான் மதிக்கிறேன். சந்தேகப்பட்டவர்களுக்குக் காட்ட அப்போதுதான் கையில் எண்கள் கிடைத்தன.

டாட்டர் மனிதர் எப்படி? மலையேறுவதில் பைத்தியம். அலாஸ்கா நீங்கலாக அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேற்பட்ட 67 சிகரங்களையும் ஏறி முடித்தவர். நடுவில் ஹாட்ஜ்கின் புற்றுநோய் வந்தது, அதற்குப் பிறகும் ஏறினார். 1978-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் போயிற்று, கிடைக்கவில்லை. பத்து கதீட்டர் விற்ற பில் குக் பிற்காலத்தில் பெரும் தொழிலதிபர் ஆகி, 1990-ல் போர்ட்லண்டில் டாட்டர் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் அமையப் பணம் கொடுத்தார். அதன் முதல் இயக்குநர் ஜோசப் ரோஷ். 1963-ல் கார்லோவி வாரி மாநாட்டில் டாட்டரின் பேச்சைக் கேட்டவர், பிற்பாடு போர்ட்லண்டுக்கே வந்து சேர்ந்தவர்.

என் விஷயம் ஒன்று. பி.ஜி. இரண்டாம் வருஷத்தில் கைடு ஒயரின் நுனியை வேறு மாதிரி வளைத்துப் பார்க்க எனக்கு ஒரு யோசனை இருந்தது. புது ஒயர் பத்து வேண்டும், கண்ணாடிக் குழாயில் ஒரு மாதிரித் தமனி வேண்டும். இருக்கிற ஒயரையே கழுவிக் கழுவி உபயோகிக்கிற காலம். பணம் எங்கேப்பா என்றார் ஒரு பெரியவர். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் நிஜமாகவே பணம் இல்லை. நோட்டில் வரைந்த படம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. தேறியிருக்குமா தேறியிருக்காதா, சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்த ரீயூனியனில் சேரும் தொகையில் கல்லூரி வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. வளைவுக்கு நான் விரோதியில்லை. ஆனால் அதில் பாதியை வங்கியில் போட்டு, வட்டியை வருஷாவருஷம் இரண்டு பி.ஜி. மாணவர்களின் ஆராய்ச்சிச் செலவுக்குக் கொடுக்கலாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். எங்கள் பேட்சில் ஆறு பேர் வழிமொழியத் தயார். கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. டிபன் முடிந்ததும் போட்டோ எடுக்க ஓடிவிடாமல் உள்ளே வந்து உட்காருங்கள்.