கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயர்

பினாங்கில் கப்பித்தான் பள்ளிவாசலை அறியாதார் நம்மில் இல்லை. அதை நிறுவிய காதர் முகைதீன் மரைக்காயர் அவர்களின் வாழ்வை நம் பிள்ளைகளும் அறிய வேண்டும்.

அன்னார் பரங்கிப்பேட்டையிலிருந்து கடல் வாணிபத்திற்காக இங்கு வந்தவர். தென்னிந்தியர்களின் கப்பித்தானாக, அதாவது தலைவராக, ஆங்கிலேயர் அவரை நியமித்தனர். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய 18 ஏக்கர் நிலத்தில் பள்ளிவாசலை எழுப்பினார். கிறிஸ்தவ ஆட்சியாளர்கள் தந்த நிலத்தில் நம் முன்னோர் தொழுதனர். அவர் காலத்திலேயே, 1818இல், சிறிது தூரத்தில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் கட்டப்பட்டது. இரு சமூகத்தாரும் அண்டை அயலாராகவே வாழ்ந்தனர்.

1834இல் வபாத்தான அன்னாரின் அடக்கஸ்தலம் கம்போங் கோலமில் உள்ளது. யூதர்களும் அந்நாளில் பினாங்கில் வாழ்ந்தனர். இன்றைய ஜாலான் ஜைனல் ஆபிதீனில் அவர்களின் இடுகாடு இருக்கிறது. அதிலுள்ள மிகப் பழைய கல்லறை 1835ஆம் ஆண்டுக்குரியது. நம் பெரியவர்களுக்கு அது யஹூதி ரோடு. இன்று அச்சமூகத்தார் இங்கில்லை. கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவ்வூராருக்கே.

பலஸ்தீன மக்களின் துயரம் நம் நெஞ்சைச் சுடுகிறது. அந்தக் கோபம் இக்கல்லறைகள் மீது திரும்பிவிடக் கூடாது. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கெலுகோரில் பல சமயத்தாரோடு ஒரே அடுக்குமாடியில் வாழும் நாம், கப்பித்தான் காலத்து அண்டை உறவைக் காப்போம்.

அன்னாரின் கபுறை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.