திரும்பத் திரும்ப ஜெயிச்சும் சீட் இல்லை! நாடாளுமன்றத்தையே திணறடித்த நாத்திகர்... யார் இந்த சார்லஸ் பிராட்லா?

தேர்தலில் ஜெயிச்சாச்சு. மக்கள் ஓட்டு போட்டாச்சு. ஆனா, கடவுள் நம்பிக்கை இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக அவைக்குள்ள உட்கார விடலைன்னா எப்படி இருக்கும்? 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லாவுக்கு அதுதான் நடந்தது.

கேள்வி கேட்ட சிறுவன்

1833-ல் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் பிராட்லா. அப்பா வக்கீல் குமாஸ்தா. 11 வயதோடு படிப்பு நின்றுபோச்சு. தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர், திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நற்செய்தி நூல்களையும் ஒப்பிட்டுப் படித்தார். இரண்டும் பொருந்தவில்லை. விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். பதிலுக்குக் கிடைத்தது நாத்திகன் என்ற பட்டம்தான். விவகாரம் பெரிதாகி, பதின்ம வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறினார்.

அப்புறம் ராணுவத்தில் கொஞ்ச காலம், பிறகு அப்பாவைப் போலவே குமாஸ்தா வேலை. மாலையானால் மேடைப் பேச்சு. 1866-ல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தைத் தொடங்கினார். 1877-ல் கருத்தடை பற்றிய நூலை மறுபதிப்பு செய்ததற்காக இவர்மீதும் அன்னி பெசன்ட்மீதும் வழக்கு பாய்ந்தது. ஆமாம், பின்னாளில் நம்ம அடையாறு பிரம்மஞான சபைக்குத் தலைவரான அதே பெசன்ட்தான்!

என்னதான் பிரச்சினை?

1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் பிராட்லா வென்றார். கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதில், உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார். நீதிமன்றங்களில் நாத்திகர்களுக்கு அந்த உரிமை அப்போதே இருந்தது. ஆனா அவை மறுத்தது. சரி, சத்தியமே செய்றேன்னு வந்தார். கடவுளை நம்பாதவர் செய்யும் சத்தியம் செல்லாதுன்னு அதையும் தடுத்தாங்க! வெளியேற மறுத்ததால், நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்து வைத்தார்கள்.

அதன்பின் தன் சொந்தப் பொறுப்பில் உறுதிமொழி எடுத்து அவையில் அமர்ந்தார். அது செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட, பதவி பறிபோனது. இடைத்தேர்தலில் மீண்டும் ஜெயித்தார். 1881 ஆகஸ்டில் உள்ளே நுழைய முயன்றவரைக் காவலர்கள் சட்டை கிழிய இழுத்து வெளியே தள்ளினார்கள். நார்தாம்ப்டன் மக்களும் விடலை. 1880 முதல் 1885 வரை 5 முறை அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

1883-ல் உறுதிமொழியை அனுமதிக்கும் மசோதா வந்தது. தீவிர கிறிஸ்தவரான பிரதமர் கிளாட்ஸ்டனே அதை ஆதரித்துப் பேசினார். 289-க்கு 292, வெறும் 3 ஓட்டில் தோற்றது!

கடைசியில் வென்றது யார்?

1886 ஜனவரியில் புதிய அவை கூடியது. பிராட்லா சத்தியம் செய்வதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்றார் சபாநாயகர். உள்ளே போன பிராட்லா சும்மா இருக்கவில்லை. அவர் கொண்டுவந்த மசோதா 1888-ல் சட்டமானது. விரும்புபவர்கள் உறுதிமொழி எடுக்கலாம் என்பது எல்லோருக்குமான உரிமையானது.

இந்தியர்களின் கோரிக்கைகளுக்காகவும் நாடாளுமன்றத்தில் பேசினார். 1889-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு நேரில் வந்தார். அதற்கு முன்பே, 1880-களில் சென்னையில் 'தத்துவவிவேசினி' இதழை நடத்திய நாத்திகர்களுக்கு அவரது இயக்கம் முன்மாதிரியாக இருந்தது.

1891 ஜனவரி 27 அன்று, அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தை அவை தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மரணப் படுக்கையில் கிடந்த பிராட்லாவால் அதைத் தெரிந்துகொள்ள முடியவில்லை. மூன்றே நாளில் இறந்துபோனார். இறுதிச் சடங்கில் கலந்துகொண்டவர்களில் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது காந்தியும் ஒருவர்.

இன்றைக்கு நம்ம எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் கடவுள் பெயரால் ஆணையிடலாம். உளமார உறுதியும் கூறலாம். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டையும் சமமாக வைத்திருக்கிறது. அந்தச் சமத்துக்காகத்தான் பிராட்லா அங்கே மல்லுக்கட்டினார்.