சன்னதித் தெருவில் ஓர் ஓட்டு வீடு

கோயில் நகரமாம் கும்பகோணத்திற்குச் சென்ற நாங்கள் ஐந்து தோழியரும் முதலில் தேடிச் சென்றது, சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ள ஓர் ஓட்டு வீட்டைத்தான். கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு அது. திண்ணை, சிறிய அறை, தெருவைப் பார்த்த ஜன்னல், அதன் அருகே ஒரு கட்டில். இவ்வளவுதானா என்று எங்களுக்குத் தோன்றியது உண்மை. 2003ஆம் ஆண்டு சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இவ்வீட்டை வாங்கி நினைவில்லமாக்கியது.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தம் தாயின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தை துணிக்கடைக் கணக்கர். காகிதத்திற்கு வசதி ஏது? சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துக் காய்த்துவிட்டதாம்! முடிவு மட்டுமே நோட்டில் ஏறும். வழிமுறை எழுதாவிட்டால் எங்களுக்கெல்லாம் மதிப்பெண் போய்விடும். அவர் எழுதாமல் விட்ட நிரூபணங்களுக்காகப் பிற்கால அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்தனர்.

இத்தகையவர் கல்லூரித் தேர்வில் தவறினார். கணிதத்தில் அன்று; ஆங்கிலத்தில்! கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. விதியை அவருக்காகத் தளர்த்தியிருக்கலாம் என்றோம் நாங்கள் மூவர்; விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்றாள் ஒருத்தி. அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் தவறியிருந்த தோழி மட்டும் வாய் திறக்கவில்லை.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதியனுப்பினார். 1914இல் கப்பலேறினார்; 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனால் போர்க்கால இங்கிலாந்தில் சைவ உணவுக்குப் பட்ட பாடும், குளிரும், நோயும் உடலை உருக்கிவிட்டன. 1919இல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32.

மனைவி ஜானகி அம்மாளை எங்களால் மறக்க இயலவில்லை. பத்து வயதில் மணமானவர். ஒத்தடம் கொடுத்து, வேளைக்கு உணவூட்டி, இறுதிவரை பணிவிடை செய்தார். படுக்கையிலும் கணவர் எழுதிய தாள்கள் கடல் கடந்தன. கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கிடந்தவற்றை 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அறிஞர் கண்டெடுத்தார். இருபத்தொரு வயதில் விதவையான ஜானகி அம்மாளோ தையல் கற்று, அதைக் கொண்டும் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார்.

புறப்படும்போது ஒருத்தியைக் காணோம். ஆங்கிலத்தில் தவறியவள்தான். அந்த ஜன்னலருகே தனியே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை அழைத்த பிறகே வந்தாள்.