கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – சூன் 14, 1961) தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர். இராமன் விளைவு பற்றிய ஆய்வில் சி. வி. இராமனுடன் இணைந்து பணியாற்றியவர். இந்தியாவின் அளவைத் தரங்களைப் பேணும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர்.

இளமையும் கல்வியும்

இவர் தற்போதைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கொல்கத்தா சென்று இராமனின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார்.

ஆய்வுகள்

1928 இல் புதிய ஒளிச்சிதறலை அறிவித்த கட்டுரையை இராமனும் இவரும் இணைந்து வெளியிட்டனர். அதே ஆண்டு இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற கிருஷ்ணன், படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். மெல்லிய இழையில் தொங்கும் சிறு படிகம் காந்தப்புலத்தில் திரும்புவதைக் கொண்டு அப்பண்புகளை நுட்பமாக அளக்கும் முறைகளை அங்கு உருவாக்கினார். 1933 இல் கொல்கத்தாவிற்குத் திரும்பினார்; 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

பிற்காலத்தில், வெற்றிடத்தில் மின்னோட்டத்தால் சூடேறும் இழைகளிலும் குழாய்களிலும் வெப்பநிலை பரவும் விதத்தை ஆராய்ந்தார். இத்தகைய ஆய்வுகளுக்குச் சீரான மின்னோட்டம் இன்றியமையாதது. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், மின்னோட்டத்தில் 1 விழுக்காடு பிழை வெப்பத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடு பிழையாகும்.

தேசிய இயற்பியல் ஆய்வகம்

1947 இல் இவ்வாய்வகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றார். புது தில்லியில் அமைந்த இதன் கட்டடம் 1950 சனவரியில் திறக்கப்பட்டது. மெட்ரிக் முறையை நாடெங்கும் கொணர்ந்த எடை, அளவைத் தரச் சட்டம் 1956 இல் இயற்றப்பட்டது. பன்னாட்டு முன்மாதிரிக் கிலோகிராமின் 57 ஆம் எண் படி இவ்வாய்வகத்திலேயே உள்ளது. பழவேற்காடு ஏரிக்கரையில் இறால் நிறுக்கும் தராசின் முத்திரையும், படிப்படியான ஒப்பீடுகளின் வழியே, இங்குள்ள தரத்தையே சென்றடைகிறது. மீனவருக்குக் கிடைக்கும் விலையின் நேர்மை அந்த ஒப்பீட்டைச் சார்ந்தது.

அளவுதிருத்தம்

மின் அளவுகளுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். இன்றைய ஆய்வுக்கூட மேசைகளில் உள்ள நிரல்படுத்தத்தக்க மின்வழங்கிகள் கிருஷ்ணன் காலத்திற்குப் பிற்பட்டவை. அவற்றில் 5 வோல்ட் என்று அமைத்தால் வெளிவருவது உண்மையில் 5 வோல்ட் தானா என்பதை மின்வழங்கியின் திரையை மட்டும் கொண்டு உறுதிசெய்ய இயலாது. கருவியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடேற விட்ட பின், அதனினும் துல்லியமான வோல்ட்டளவியை வெளியீட்டு முனைகளிலேயே இணைத்து, தாழ்ந்த மதிப்பு ஒன்றிலும் உயர்ந்த மதிப்பு ஒன்றிலும் அளப்பர். மின்னோட்டத்தை, மதிப்பு அறிந்த மின்தடை ஒன்றின் குறுக்கே எழும் மின்னழுத்தத்தால் கணிப்பர். கிடைக்கும் திருத்தங்கள் கருவியின் நினைவகத்தில் பதியப்படும். அந்த வோல்ட்டளவியும் மேலான தரத்துடன் ஒப்பிடப்பட்டிருத்தல் வேண்டும்.

கிருஷ்ணன் காலத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 1.0186 வோல்ட் தரும் வெஸ்ட்டன் மின்கலங்களே வோல்ட்டின் தரமாக விளங்கின. பின்னர் அவ்விடத்தை ஜோசப்சன் விளைவு பெற்றது. 2019 முதல் வோல்ட், கிலோகிராம் ஆகிய இரண்டும் இயற்கை மாறிலிகளால் வரையறுக்கப்படுகின்றன. தரம் மாறினும் ஒப்பிடும் சங்கிலி மாறவில்லை.

சிறப்புகள்

1940 இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினரானார். 1946 இல் சர் பட்டமும் 1954 இல் பத்ம பூசண் விருதும் பெற்றார். தமிழில் அறிவியல் கட்டுரைகளும் எழுதியுள்ளார். 1961 இல் மறையும் வரை ஆய்வக இயக்குநராகப் பணியாற்றினார்.