பாலைவனத்துக் கர்னல், படகுத்துறைச் சிப்பாய்

மலர்க் குழு நண்பர்கள் இந்த முறையும் விடாமல் கேட்டுவிட்டார்கள், ஏதாவது எழுதிக் கொடு என்று. போன மலரில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆகவே இந்தத் தடவை வம்பே வேண்டாம் என்று, வரலாறு படித்தவன் என்ற உரிமையில் ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம்மில் பலர் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருப்போம். 1962இல் வந்தது. மணல் காடு, ஒட்டகப் படை, வெள்ளை அங்கி போட்ட வெள்ளைக்காரர். தொடக்கத்தில் அவர் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் சாவார். பிறகு கதை பின்னால் போய், 1918இல் டமாஸ்கஸில் முடிந்துவிடும். அந்த டமாஸ்கஸுக்கும் அந்த மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் 16 வருஷத்துக்கு மேல் இருக்கிறதே, அதில் அந்த ஆள் என்ன செய்தார்? படம் சொல்லாத அந்தப் பகுதியில்தான் எனக்கு ஈடுபாடு. துறைமுகத்தில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். லாஞ்ச், எஞ்சின், டீசல் நாற்றம் என்றால் காது தானாகவே விடைத்துக்கொள்ளும்.

படிப்பும் பட்டமும்

தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் 1888 ஆகஸ்ட் 16ஆம் தேதி வேல்ஸ் நாட்டில் டிரெமடாக் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு ஜீசஸ் கல்லூரியில் நம்மைப்போல வரலாற்று மாணவர். ஆனால் நம்மைப்போலக் கடைசி பெஞ்ச் அல்ல. 1909 கோடை விடுமுறையில் சிரியா பக்கம் கால்நடையாகவே அலைந்து சிலுவைப் போர்க் காலக் கோட்டைகளை ஆராய்ந்தார். 1910இல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு கார்க்கெமிஷில் அகழ்வாராய்ச்சி. முதல் உலகப்போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்து, 1916 முதல் 1918 வரை துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பங்கெடுத்துக் கர்னல் ஆனார். உலகமே கொண்டாடியது.

அவருக்கோ மனசு ஆறவில்லை. தோளோடு தோள் நின்று போரிட்ட அரபுகளுக்கு எதிர்பார்த்த சுதந்திரம் கிடைக்கவில்லை என்ற உறுத்தல். 1921இல் சர்ச்சிலுக்கு ஆலோசகராகக் காலனி அமைச்சகத்தில் கொஞ்ச காலம் இருந்தார். 1922 ஆகஸ்டில் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஜான் ஹியூம் ராஸ் என்ற பொய்ப் பெயரில் விமானப் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தார்!

பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1923 தொடக்கத்தில் வெளியே அனுப்பினார்கள். மனுஷன் விடவில்லை. ஷா என்று பெயரை மாற்றி டாங்கிப் படையில் நுழைந்தார். 1925இல் மறுபடி விமானப் படை. 1927இல் அன்றைய இந்தியாவின் கராச்சிக்கும், 1928இல் ஆப்கான் எல்லையை ஒட்டிய மிரான்ஷாவுக்கும் வந்தார். ஆப்கானிஸ்தானில் கலகம் வெடிக்கவே, அதைத் தூண்டிவிட்ட ஒற்றன் இவர்தான் என்று வதந்தி கிளம்பி, 1929 ஜனவரியில் அவசரமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

கண்ணெதிரே விழுந்த விமானம்

திரும்பியவரை பிளிமத் துறைமுகத்தில் மவுண்ட் பேட்டன் என்ற இடத்தில் போட்டார்கள். கடல் விமானங்கள் இறங்கும் தளம் அது. தண்ணீரில் இறங்கும் விமானத்துக்குப் படகு இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆளை ஏற்றி இறக்க, பெட்ரோல் கொண்டுபோக, இழுத்துக் கட்ட, விபத்து நடந்தால் ஓடிப்போய்த் தூக்க, எல்லாவற்றுக்கும் படகுதான். அதனாலேயே பிரிட்டிஷ் விமானப் படை 1918 ஏப்ரலில் பிறந்த அதே மாதத்தில் அதன் கடற்கலப் பிரிவும் பிறந்துவிட்டது. ஆனால் பல வருஷங்களுக்குப் பிறகும் அந்தப் பிரிவின் கையில் இருந்தவை பழைய பாணிப் படகுகள். ஆமை வேகம்.

1931 பிப்ரவரி 4ஆம் தேதி ஐரிஸ் வகைக் கடல் விமானம் ஒன்று பிளிமத் கரைக்குப் பக்கத்திலேயே தலைகுப்புறக் கடலில் விழுந்தது. லாரன்ஸ் கரையிலிருந்து கண்ணால் பார்த்தார். மீட்புக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர். சிலரைத்தான் காப்பாற்ற முடிந்தது. பலர் மாண்டார்கள். விசாரணையில் சாட்சி சொன்னார். விழுந்த இடத்துக்கு உடனே போய்ச் சேரும் படகு வேண்டும் என்ற எண்ணம் அதன்பிறகு அவரை விடவே இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வேகப்படகு அவர் ஒருவர் மூளையில் உதித்ததல்ல. விமான அமைச்சகத்தின் கடற்கலப் பிரிவில் அந்த யோசனை ஏற்கெனவே இருந்தது. சவுத்தாம்ப்டன் அருகே ஹைத் என்ற ஊரில் ஹூபர்ட் ஸ்காட்-பெயின் என்பவர் தமது தொழிற்சாலையில் வேகப்படகு கட்டிக்கொண்டிருந்தார். லாரன்ஸை அங்கே அனுப்பினார்கள். பரிசோதித்துப் பார், குறை சொல், சரிசெய் என்பது வேலை.

படகு விஷயம் கொஞ்சம் சொல்கிறேன். பழைய படகு தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். எஞ்சினை எவ்வளவு பெரிசாக வைத்தாலும் தான் கிளப்பும் அலையையே தள்ளிக்கொண்டு திணறும். புதுவகைப் படகின் அடிப்பாகம் வேறு மாதிரி. வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நீரின் மேலேயே வழுக்கும். சின்ன வயசில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டிருக்கிறீர்கள் அல்லவா? தவ்வித் தவ்விப் போகுமே, கிட்டத்தட்ட அந்தத் தத்துவம்தான். முப்பத்தேழரை அடி நீளம், இரண்டு எஞ்சின், மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல் வேகம். '200 வகை' என்று பெயர்.

மாதக்கணக்கில் கடலில் ஓட்டிப் பார்த்தார். எண்ணெய்க் கறையோடு எஞ்சினுக்குள் தலையை விட்டார். 1932இல் அந்தப் படகுகளை ஓட்டுவது, பராமரிப்பது பற்றி ஒரு கையேடும் எழுதினார். அதே 1932இல்தான் ஹோமரின் ஒடிஸி காவியத்துக்கு அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. ஒரே பேனாவில் காவியமும் எஞ்சின் குறிப்பும்! படகு வேலை பத்திரிகையில் வரவே மறுபடி சங்கடம். ஹைத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். 1933இல் விலகுகிறேன் என்று மனு கொடுத்தார். பிறகு சமாதானமாகி மறுபடி படகு வேலைக்கே வந்தார். விமானிகள் குண்டு வீசிப் பழகுவதற்கான கவசப் படகுகளிலும் உழைத்தார். கடைசிக் குளிர்காலத்தில் பிரிட்லிங்டன் என்ற ஊரில் அத்தகைய பத்துப் படகுகளைப் பழுது பார்க்கும் வேலையைக் கவனித்தார். 1935 பிப்ரவரி 26ஆம் தேதி படையிலிருந்து விடைபெற்றுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மே 13ஆம் தேதி வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டார். 19ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 46. சிகிச்சை தர வந்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் பின்னால் மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். ராணுவத்தில் ஹெல்மெட் கட்டாயமாக அதுவும் ஒரு காரணம்.

அவர் பார்க்காத அறுவடை

அடுத்த வருஷமே, 1936இல், அதே ஹைத் தொழிற்சாலையிலிருந்து 64 அடி நீள அதிவேக லாஞ்ச் வந்தது. மூன்று எஞ்சின். மணிக்கு 35 கடல் மைல் ஓடியது. ஆனால் 1940இல் பிரிட்டன் வானில் பெரும் போர் மூண்டபோது இத்தகைய லாஞ்ச்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தன. ஜெர்மானியர்களிடம் ரப்பர் மிதவை, தண்ணீரில் நிறம் காட்டும் சாயம், மீட்புக் கடல் விமானம் எல்லாம் தயார். பிரிட்டிஷ் விமானிகளோ பாராசூட்டில் பத்திரமாக இறங்கியும் கால்வாயின் குளிரில் விறைத்துச் செத்தார்கள். பட்ட பிறகுதான் புத்தி வந்தது. 1941இல் கடல் மீட்புக்கென்றே தனி இயக்ககம் அமைத்தார்கள். லாஞ்ச்கள் பெருகின. 102 எண்ணுள்ள லாஞ்ச் 1941இல் இரண்டே மாதத்தில் 38 விமானப் படையினரை வடகடலிலிருந்து தூக்கியது. அதில் எதிரி விமானத்தில் வந்த ஜெர்மானியரும் உண்டு. தண்ணீரில் தத்தளிப்பவனுக்கு ஏது கட்சி? போர் முடிவதற்குள் இந்த மீட்புப் பணி 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியது. பிற்காலத்தில் ஹெலிகாப்டர் வந்து வேலையை வாங்கிக்கொள்ள, 1986இல் கடற்கலப் பிரிவு கலைக்கப்பட்டது. 102 மட்டும் புதுப்பிக்கப்பட்டு 1996இல் மறுபடி தண்ணீரில் இறங்கியது.

இந்தக் கதையில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. நிஜமாகவே ஒரு கடைநிலைச் சிப்பாய் வேகப்படகு வேண்டும் என்று சொல்லியிருந்தால் யார் காது கொடுத்திருப்பார்கள்? சட்டையைத்தான் கழற்றினாரே தவிர, கர்னல் என்ற பெயர் அவரை விட்டுப் போகவில்லை. மந்திரிகள், தளபதிகள் எல்லாம் நண்பர்கள். அந்தப் பெயரிலிருந்து தப்பித்து ஓடியவர், கடைசியில் அந்தப் பெயரின் பலத்தில்தான் காரியம் சாதித்தார். ஆனால் அந்தப் பலத்தைத் தனக்கு ஒரு பதவி தேடிக்கொள்ளச் செலவழிக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் தண்ணீரில் சாகக் கூடாது என்பதற்காகச் செலவழித்தார். எஞ்சினையும் தன் கையாலேயே துடைத்தார்.

நம் கூட்டத்திலும் பெரிய பதவியிலிருந்து இறங்கியவர்கள் இருக்கிறார்கள். ரிட்டையர் ஆனதும் காரும் கூர்க்காவும் போய்விட்டன என்று வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். நாற்காலி போனால் என்ன, பெயருக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு மிச்சம் இருக்கும். அது இருக்கும்போதே யாருக்காவது ஒரு படகு வாங்கிக் கொடுக்க முடியுமா என்று பார்ப்போம். மற்றதை மதியச் சாப்பாட்டுப் பந்தியில் பேசிக்கொள்ளலாம். சாம்பாரைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்க மாட்டேன்.