இசையரசி கிளாரா ஷூமன்

கலைஞருக்குக் கைதட்டலே உணவு என்பர். ஆனால் அந்தக் கைதட்டல் எதற்காகக் கிடைக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. விரல்களின் வேகத்தைக் கண்டு எழும் கைதட்டல் ஒன்று. இசையின் உட்பொருள் நெஞ்சைத் தொட்டதால் எழும் கைதட்டல் மற்றொன்று. முதல் வகைக் கைதட்டலை இளமையிலேயே அளவின்றிப் பெற்று, பின்பு அதனைப் பெரிதாக எண்ணாமல், இரண்டாவதற்காக அரை நூற்றாண்டு உழைத்த பெண்மணி ஒருவர் ஜெர்மனி நாட்டில் வாழ்ந்தார். அவரே பியானோ வாசிப்பில் உலகப் புகழ் பெற்ற கிளாரா ஷூமன் அம்மையார்.

கிளாரா 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீடரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ வாணிகமும் செய்தவர். தாய் மரியானே சிறந்த பாடகி. நான்கு வயது கடந்தும் குழந்தைக்குப் பேச்சு சரியாக வரவில்லை. காது கேளாதோ என்றுகூட வீட்டார் ஐயுற்றனர். இதற்கிடையில் பெற்றோர் பிரிந்தனர். ஐந்து வயதில் தாயைப் பிரிந்து, கண்டிப்பு மிக்க தந்தையிடம் வளரும் நிலை கிளாராவுக்கு ஏற்பட்டது. நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடம், இரண்டு மணி நேரம் பயிற்சி, பிறகு திறந்த வெளியில் நீண்ட நடை என்பது தந்தை வகுத்த ஒழுங்கு. வாய் பேசத் தயங்கிய அந்தக் குழந்தையின் விரல்கள் பேசத் தொடங்கின.

1828-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று, ஒன்பது வயதில், லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் இசை மண்டபத்தில் கிளாரா முதன்முதலாக மேடையேறினார். பதினோராம் வயதில் அங்கேயே தம் பெயரில் தனி நிகழ்ச்சி நடத்தினார். 1831-இல் வைமார் நகரில் 82 வயது முதியவரான மகாகவி கதேயின் முன் வாசித்து, அவரிடமிருந்து பதக்கம் பெற்றார்.

இசைக்குப் பேர்போன வியன்னா நகருக்கு 1837-ஆம் ஆண்டு இறுதியில் அவர் சென்றபோது வயது பதினெட்டு. நகரமே அவர் பின்னால் திரண்டது. நுழைவுச் சீட்டுக்கு மக்கள் முட்டி மோதினர். நாடகப் புலவர் கிரில்பார்ட்சர், அவர் வாசித்த பேத்தோவன் இசையைக் கேட்டு உருகிக் கவிதை எழுதினார். உணவு விடுதிகளில் அவர் பெயரால் ஒரு புதுவகைக் கேக்குகூட விற்பனைக்கு வந்ததாம்! 1838 மார்ச்சில் ஆஸ்திரியப் பேரரசர் அவருக்கு அரசவைக் கலைஞர் பட்டம் அளித்தார். வேற்று நாட்டவர், கத்தோலிக்கர் அல்லாதவர், அதிலும் இளம்பெண் ஒருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அரிய செய்தி.

அக்காலத்து மக்கள் பெரிதும் விரும்பியவை, விரல் வித்தையைக் காட்டும் பகட்டான உருப்படிகளே. கிளாராவும் அவற்றை வாசித்துத்தான் புகழ் பெற்றார். எனினும் அவர் உள்ளம் நாடியது வேறு இசையை. ஐரோப்பிய இசையில் அது ரொமாண்டிக் காலம். மனித உள்ளத்தின் ஏக்கம், கனவு, துயரம், பக்தி ஆகியவற்றைத் தடையின்றி வெளிப்படுத்தும் புதிய இசை பிறந்துகொண்டிருந்தது. அவ்விசையைப் படைத்தவர்களுள் ஒருவர், தந்தையிடம் பியானோ பயில வந்த ராபர்ட் ஷூமன். கை விரலில் ஏற்பட்ட கோளாறினால் அவர் மேடைக் கலைஞராகும் ஆசையைக் கைவிட்டு, இசையமைப்பில் ஈடுபட்டிருந்தார். இருவரும் மணம் செய்ய விரும்பியதைத் தந்தை கடுமையாக எதிர்த்தார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, 1840 செப்டம்பர் 12 அன்று, கிளாராவின் இருபத்தோராம் பிறந்த நாளுக்கு முந்திய தினம், அவர்கள் திருமணம் நடந்தது.

இல்லறம் எளிதாக இல்லை. கணவர் இசை எழுதும் வேளையில் ஓசை எழக்கூடாது என்பதால், மனைவியின் பயிற்சி பல நாள் தடைப்பட்டது. எட்டுக் குழந்தைகள் பிறந்தனர். இத்தனைக்கும் நடுவில் கிளாரா மேடையை விடவில்லை. கணவரின் புகழ்பெற்ற பியானோ கான்செர்ட்டோவை 1845 டிசம்பரில் டிரெஸ்டன் நகரில் முதன்முதலாக வாசித்து அரங்கேற்றியவரும் அவரே.

1846-ஆம் ஆண்டு இறுதியில் தம்பதியர் வியன்னா சென்றனர். அதே நகரம், அதே கிளாரா. ஆனால் இம்முறை வாசித்தது கணவரின் புதிய இசையை. 1847 ஜனவரி முதல் நாள் நிகழ்ச்சியில் கூட்டம் குறைவு, கைதட்டலும் குறைவு. செலவுக்குக்கூட வரவு கட்டவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் அன்புடன் வந்து பாடியதனால்தான் மண்டபம் நிறைந்தது. தம் வாசிப்பால் ஆகாதது பிறர் பாடலால் ஆயிற்றே என்று கிளாரா மனம் நொந்தார். பழைய பகட்டு உருப்படிகளுக்குத் திரும்பியிருந்தால் பழைய ஆரவாரமும் திரும்பியிருக்கும். அவர் திரும்பவில்லை. பாக், பேத்தோவன், ஷோபின், மெண்டல்சன், ஷூமன் ஆகியோரின் இசையையே தொடர்ந்து வாசித்தார்.

1854 பிப்ரவரியில் பேரிடி விழுந்தது. மனநோய் முற்றிய ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றப்பட்டபின் பான் நகருக்கு அருகில் அப்போது இருந்த எண்டனிக் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது கிளாரா கருவுற்றிருந்தார். கடைசி மகன் பெலிக்ஸ் அந்த ஜூன் மாதம் பிறந்தான். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கணவரைக் காண மருத்துவர் அனுமதிக்கவில்லை. 1856 ஜூலையில் அவர் இறப்பதற்கு இரு நாட்களுக்கு முன்புதான் காண முடிந்தது. நண்பர்கள் உதவி நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்ட முன்வந்தபோது கிளாரா மறுத்துவிட்டார். இளம் இசைமேதை பிராம்ஸ் வீட்டுக்கும் குழந்தைகளுக்கும் துணை நிற்க, அவர் ஊர் ஊராகச் சென்று வாசித்துக் குடும்பத்தைக் காத்தார். சென்ற இடமெல்லாம் ஷூமன் இசையையும் கொண்டு சென்றார். இங்கிலாந்திலும் தொடக்கத்தில் அதற்கு வரவேற்பில்லை. ஆண்டுதோறும் பொறுமையுடன் வாசித்து, கேட்போரின் செவியை அவரே பழக்கினார்.

அவர் மேடையில் அமரும் முறையில் ஆடம்பரம் இல்லை. உடல் அசையாது, முகத்தில் நடிப்பில்லை. பியானோ பாடுவது போன்ற நாதம் மட்டும் எழும். ஏடு பாராமல் மனப்பாடமாக வாசிப்பது செருக்கு என்று கருதப்பட்ட காலத்தில், அவ்வாறு வாசித்து அதனை வழக்கமாக்கியவர்களுள் அவரும் ஒருவர். அவர் வாசிப்பு எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. கேட்டவர்கள் எழுதி வைத்த வியப்பும், பேனி டேவிஸ் போன்ற மாணவியரின் இசைத்தட்டுகளுமே இன்று நமக்குச் சான்று.

1878 அக்டோபரில், அவர் மேடையேறி ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததை லைப்சிக் நகரம் கொண்டாடியது. சிறுமியாக ஏறிய அதே கெவாண்ட்ஹவுஸ் மண்டபம். நிகழ்ச்சி முழுவதும் ஷூமன் இசை. அம்மையார் நுழைந்ததும் அவையினர் அனைவரும் எழுந்து நின்று மலர் மாரி பொழிந்தனர். ஒரு காலத்தில் கூட்டம் சேராத இசைக்கு, இப்போது மண்டபமே எழுந்து நின்றது.

அவ்வாண்டே பிராங்க்பர்ட் நகர இசைக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். பல நாட்டு மாணவியர் அவரைத் தேடி வந்தனர். ஆனால் துயரங்கள் ஓயவில்லை. நான்கு மக்களைத் தம் வாழ்நாளிலேயே இழந்தார். கை வலியும் செவிக் குறையும் வாட்டின. 1891 மார்ச்சில் கடைசியாக மேடையேறினார். 1896 மே 20 அன்று உயிர் நீத்து, பான் நகரில் கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய நிகழ்ச்சி நிரல்கள் 1,300-க்கும் மேல் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1990 முதல் யூரோ வரும்வரை ஜெர்மனியின் நூறு மார்க் நோட்டில் அவர் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது.

அன்பு மாணவியரே, தாலந்து உவமையை நாம் அறிவோம். பெற்றதைப் புதைத்து வைத்தவனை ஆண்டவர் பாராட்டவில்லை. கிளாரா அம்மையார் தம் தாலந்தைப் புதைக்கவில்லை. தமக்கென்று மட்டும் பெருக்கிக்கொள்ளவும் இல்லை. தம்மைப் பாராட்ட வந்தவர்களை, தம்மினும் உயர்ந்ததாகத் தாம் கருதிய இசையைப் பாராட்டக் கற்பித்தார். கைதட்டல் குறைந்த நாளிலும் நல்லதையே வாசித்த அந்த உறுதி, எத்துறையில் ஈடுபடும் பெண்ணுக்கும் வேண்டிய அணிகலன் அன்றோ!